கேட்டுப் போடும் ஊசி

மரக்காணம் உப்பளத்தில் வேலை விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். வெயில் ஏறிவிட்டால் பாத்தியில் நிற்க முடியாது. உப்பில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கண்ணைப் பறிக்கும், காலில் இருக்கும் சிறு கீறலும் நெருப்பாய் எரியும். அதனால் சுற்றுவட்டாரப் பெண்கள் இருட்டோடு இருட்டாக எழுந்து, சோற்றை டிபன் டப்பாவில் கட்டிக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வந்து நிற்பார்கள். அந்த நேரத்தில் வீட்டில் ஒன்பதாம் வகுப்புப் பெண் தூங்கிக்கொண்டிருப்பாள். அவள் புத்தகப்பையில் பள்ளிக்கூடம் கொடுத்தனுப்பிய ஒப்புதல் படிவம் மடித்தபடி கிடக்கும். தாய் களைத்துத் திரும்பி, குளித்து, உலை வைத்து நிமிரும்போது மகள் அந்தத் தாளை நீட்டுவாள்: "அம்மா, இதுல கையெழுத்துப் போடு, நாளைக்கே கேட்டாங்க."

கூனிமேட்டிலும் இந்தக் கடற்கரையின் மற்ற ஊர்களிலும் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி பற்றிய முடிவு ஒரு தாயிடம் வந்து சேரும் விதம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். 2025 மார்ச்சில் தமிழக அரசு தன் வரவு செலவுத் திட்டத்தில், 14 வயதுப் பெண் குழந்தைகளுக்கு இந்த ஹெச்.பி.வி. தடுப்பூசியைப் படிப்படியாகப் போட 36 கோடி ரூபாய் ஒதுக்குவதாக அறிவித்தது. ஊசி எவ்வளவு நல்லது என்பது பற்றி மருத்துவர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். பெற்றவர்கள் ஏன் தயங்குகிறார்கள் என்பது பற்றிச் சொல்லப்படுவது மட்டும் பெரும்பாலும் ஒற்றைச் சொல்லில் முடிந்துவிடுகிறது: அறியாமை. நான் அதை ஏற்கவில்லை. தமிழ்நாட்டில் எல்லாத் தடுப்பூசியும் போட்டு முடித்த குழந்தைகள் கிட்டத்தட்ட 90 சதவீதம் என்று தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அந்த ஊசிகளையெல்லாம் தேடிப்போய்ப் போட்ட அதே தாய் இந்த ஊசிக்கு மட்டும் யோசிக்கிறாள் என்றால், அந்த யோசனைக்குள் காரணம் இருக்கிறது.

முதலில் நோயைப் பார்த்துவிடுவோம். 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஒரே ஆண்டில் ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் புதிதாக வந்தது. ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். நாளொன்றுக்கு இருநூறுக்கும் மேற்பட்ட மரணங்கள். இது திடீரென்று தாக்கும் நோய் அல்ல. தொற்று ஏற்பட்டு அது புற்றாக மாறப் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஆகும். அத்தனை ஆண்டுகளும் வெளியே எதுவும் தெரியாது. தெரிய ஆரம்பிக்கும்போதும் வெள்ளைப்படுதலாக, இடைப்பட்ட உதிரப்போக்காக, இடுப்பு வலியாகத்தான் தெரியும். நம் பெண்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'சூடு'. நாளெல்லாம் உப்பு வெயிலில் நிற்கிறவளுக்கு அந்தப் பெயர் இன்னும் எளிதாகப் பொருந்திவிடுகிறது. இளநீர் குடிப்பாள், வெந்தயம் ஊறவைத்துச் சாப்பிடுவாள். மாதவிடாய் நின்ற பிறகு திரும்பவும் உதிரம் கண்டால்கூட, வெளியே சொல்லச் சில மாதம் ஆகும். கடைசியில் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குப் பஸ் ஏறும்போது நோய் முற்றியிருக்கும்.

இந்த நோய்க்குக் காரணம் ஹெச்.பி.வி. என்ற வைரஸ் என்பதைக் கண்டறிந்தவர் ஜெர்மனியின் ஹரால்ட் சூர் ஹாவுசன். 1983இல் அந்த வைரஸின் 16ஆம் வகையையும் அடுத்த ஆண்டில் 18ஆம் வகையையும் அவருடைய குழு பிரித்தெடுத்தது. 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உலகில் கருப்பைவாய்ப் புற்றுநோய்களில் பத்தில் ஏழு இந்த இரண்டு வகைகளால் வருகின்றன. தடுப்பூசி இந்த இரண்டையும் தடுக்கிறது. ஏற்கெனவே உடலுக்குள் வந்துவிட்ட தொற்றை அதனால் விரட்ட முடியாது. ஆகவே வைரஸ் உடலில் நுழைய வாய்ப்பு வருவதற்கு வெகுநாள் முன்பே போட்டுவிட வேண்டும். உடலின் எதிர்ப்பாற்றலும் 9 முதல் 14 வயதுக்குள் நன்றாக உருவாகிறது. மருத்துவத்துக்கு இது எளிய கணக்கு. பெற்றவர்களுக்குச் சிக்கல் தொடங்குவதே இந்த இடத்தில்தான்.

"கல்யாணத்துக்கு முன்னாடி போட்டாப் போதாதா? இப்பவே எதுக்கு?" என்ற கேள்வியை எந்த ஊரிலும் கேட்கலாம். மைசூரில் பூர்ணிமா மதிவாணனும் அவருடைய குழுவினரும் பெற்றோரிடம் பேசி வெளியிட்ட ஓர் ஆய்வின் தலைப்பே இதைத்தான் சொல்கிறது: இந்தியப் பெற்றோர் தங்கள் பெண்களுக்கு இந்த ஊசியைச் சற்று மூத்த வயதில் போடவே விரும்புகிறார்கள். அவர்கள் ஊசியை மறுக்கவில்லை. வயதைத்தான் தள்ளிப்போடச் சொன்னார்கள். இந்த வைரஸ் உடலுறவின் வழியே பரவுவது என்று கேட்டதும் ஒரு தாயின் மனம் நோயை விட்டுவிட்டு மகளின் நடத்தையை நினைக்கத் தொடங்குகிறது. 'என் பொண்ணு அப்படிப்பட்டவ இல்ல' என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிடுகிறது. கிராமத்தில் ஒரு பெண்ணைப் பற்றி ஒரு பேச்சு எழுந்தால் என்ன ஆகும் என்பதை அறிந்தவளுடைய பயம் அது. அதைக் கேலி செய்ய யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் அந்தத் தாய்க்குச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. இதே மகள் பிறந்த அன்றே, ஆஸ்பத்திரியில் ஹெபடைட்டிஸ் பி ஊசி போட்டார்கள். அந்த வைரஸும் இரத்தத்தாலும் உடலுறவாலும் பரவுவதுதான். ஈரலில் புற்றுநோய் வரவழைப்பதுதான். பிறந்த குழந்தைக்கு அதைப் போட்டபோது அவளுடைய நடத்தை பற்றி யாரும் நினைக்கவில்லை. பிற்காலத்துக்கான காப்பு என்று மட்டுமே எண்ணினோம். இதுவும் அதேபோன்ற காப்புதான். இன்னொன்று: ஒழுக்கமாக வாழ்ந்து, கணவன் ஒருவனை மட்டுமே அறிந்த பெண்களுக்கும் இந்த நோய் வருகிறது. வைரஸைக் கொண்டுவருகிறவன் கணவனாக இருக்கலாம். மகளின் ஒழுக்கத்தால் மட்டும் தடுத்துவிட முடியாத நோய் இது.

இரண்டாவது பயம் பெயரில் இருக்கிறது. இந்த ஊசிக்கு மக்கள் வாயில் 'கர்ப்பப்பை ஊசி' என்ற பெயர் ஒட்டிக்கொள்கிறது. கர்ப்பப்பை என்ற சொல்லோடு அரசாங்கமும் ஊசியும் சேர்ந்தால் நம் பெண்களுக்கு நினைவுக்கு வருவது குடும்பக் கட்டுப்பாடு. இரண்டு பிள்ளை பெற்றதும் ஆபரேஷன் செய்துகொள் என்று கேட்டுக் கேட்டுப் பழகிய தலைமுறைகள் இவை. நெருக்கடி நிலைக் காலத்துக் கதைகளைப் பாட்டிமார் இன்னும் சொல்கிறார்கள். அந்த நினைவின் மேல் 'பிள்ளை பொறக்காமப் போயிடுமாம்' என்ற வதந்தி விழுந்தால் பற்றிக்கொள்ளாதா? பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு நடத்தி, ஊருக்கெல்லாம் பத்திரிகை வைத்து, பிளெக்ஸ் கட்டி, இவள் தாயாகத் தகுந்தவள் என்று அறிவித்த வீட்டுக்கு இதைவிடப் பெரிய அச்சம் என்ன இருக்க முடியும்?

இதற்கு விடை உண்டு, தெளிவாகவே உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் தடுப்பூசிப் பாதுகாப்பு ஆலோசனைக் குழு 2017இல், அதுவரை விநியோகமான 27 கோடிக்கும் மேற்பட்ட ஊசிகளின் அனுபவத்தை ஆராய்ந்து இதை மிகவும் பாதுகாப்பான ஊசி என்றது. கடுமையான ஒவ்வாமை பத்து லட்சம் ஊசிகளுக்கு ஏறத்தாழ இரண்டு என்ற அளவில்தான் வருகிறது. மலட்டுத்தன்மைக்கும் ஊசிக்கும் தொடர்பு காணப்படவில்லை. உண்மையில் பிள்ளைப்பேற்றைப் பறிப்பது நோய்தான். கருப்பையை எடுப்பதும் கதிர்வீச்சும் அந்த நோய்க்கான சிகிச்சைகள். இந்த ஊசிக்கு 'கேன்சர் தடுப்பூசி' என்ற பெயரையே ஊருக்குள் பழக்க வேண்டும் என்பது என் எண்ணம். பெயர் சின்ன விஷயம் அல்ல.

தமிழ்நாட்டுப் பெற்றோரின் தயக்கத்தில் பழைய காயங்களுக்கும் பங்கு உண்டு. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. அதன் பிறகு மாநிலம் ஊசி போடும் முறையையே மாற்றியது. கிராமத்துக்கே வந்து போட்ட செவிலியர் அதை நிறுத்தினார்கள். தாய்மார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார்கள். 2017 பிப்ரவரியில் 9 மாதம் முதல் 15 வயது வரையிலான 1 கோடியே 76 லட்சம் பிள்ளைகளுக்குத் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போடும் இயக்கம் தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. பள்ளி வாசலில் பெற்றோர் திரண்டு, பிள்ளைக்கு ஊசி வேண்டாம் என்றார்கள். பிப்ரவரியோடு முடிய வேண்டிய இயக்கம் மார்ச்சுக்கு நீண்டது. அப்போது எதிர்த்தவர்களில் படித்த நகர்ப்புறப் பெற்றோரும் இருந்தார்கள். அவர்களில் பலரை உறுத்தியது ஒரே கேள்விதான்: "எங்களைக் கேக்காம எப்படிப் போடலாம்?"

அந்தக் கேள்விக்கு ஹெச்.பி.வி. தடுப்பூசியின் வரலாற்றில் இன்னும் கசப்பான ஓர் அத்தியாயம் இருக்கிறது. 2009இல் அமெரிக்காவைச் சேர்ந்த 'பாத்' என்ற அமைப்பு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடும் மாநில அரசுகளோடும் சேர்ந்து, அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் 10 முதல் 14 வயதுப் பெண்களுக்கு இந்த ஊசியைப் போட்டது. கம்மத்தில் பலர் பழங்குடியின விடுதி மாணவிகள். இரு மாநிலங்களிலுமாக ஏழு பெண்கள் இறந்தார்கள். பாம்புக்கடி, நீரில் மூழ்கியது, பூச்சிமருந்து, மலேரியா என்று காரணங்கள் பதிவாயின. ஊசியால் நேர்ந்தவை அல்ல என்று விசாரணை சொன்னது. ஆனால் அந்த விசாரணை இன்னொன்றையும் வெளியே கொண்டுவந்தது. ஆந்திரத்தில் பார்வையிடப்பட்ட 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763இல் கையெழுத்துப் போட்டிருந்தவர்கள் விடுதிக் காப்பாளர்கள். 1,948இல் இருந்தது கைரேகை. பெற்றவர்கள் தொலைவில் எங்கோ கூலி வேலையில் இருக்க, காப்பாளர் கையெழுத்தோடு ஊசி போடப்பட்டது. 2010 ஏப்ரலில் மத்திய அரசு எல்லாவற்றையும் நிறுத்தியது. 2013 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையான அறிக்கை கொடுத்தது. அதற்குப் பிறகு ஏறத்தாழ பத்து ஆண்டுகள், ஒன்றிரண்டு மாநிலங்கள் தவிர, அரசாங்கம் இந்த ஊசியைத் தொடவே இல்லை.

ஊசியால் யாரும் சாகவில்லை. ஆனாலும் பத்தாண்டுகள் போயின. அந்தப் பத்தாண்டில் ஊசி கிடைக்காமல் வளர்ந்த பெண்கள் எத்தனை லட்சம் என்று நினைத்துப் பார்க்கிறேன். அவர்களில் நோய் வரப்போகிறவர்களுக்கு அது இன்னும் வரவில்லை; வர இருபது ஆண்டுகள் ஆகும். பெற்றவர்களைக் கேட்காமல் நடத்தும் நல்ல காரியத்துக்கு விலை இவ்வளவு.

அதே 2010 தடையில் நம் தமிழ்நாட்டுக்குத் தொடர்புள்ள இன்னொன்றும் நின்றது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமைக்காக ரெங்கசாமி சங்கரநாராயணன் தலைமையில், நாட்டின் ஒன்பது இடங்களில் 20,000 பெண்களிடம் இரண்டு ஊசியா, மூன்று ஊசியா என்று ஒப்பிடத் திட்டமிட்ட தனி ஆய்வு நடந்துகொண்டிருந்தது. அந்த இடங்களில் ஒன்று திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கை. கம்மம் பிரச்சினையில் இந்த ஆய்வின் ஊசிகளும் நிறுத்தப்பட்டன. அடுத்த ஊசிக்காகக் காத்திருந்த பெண்கள் ஏறத்தாழ ஐயாயிரம் பேர் ஒற்றை ஊசியோடு நின்றுவிட்டார்கள். ஆய்வாளர்கள் அவர்களைக் கைவிடவில்லை. பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 2021இல் வெளியான முடிவு: வைரஸ் 16, 18 உடலில் நிலைத்துத் தங்குவதை ஒற்றை ஊசி 95 சதவீதம் தடுத்திருந்தது. இரண்டு, மூன்று ஊசிகள் தந்த பாதுகாப்புக்கு அது குறைவில்லை. 2022இல் உலக சுகாதார நிறுவனம் ஒரே ஊசி போதும் என்று ஏற்றபோது, அந்த முடிவுக்குப் பின்னால் அம்பிளிக்கைப் பெண்களும் இருந்தார்கள்.

மரக்காணம் கடற்கரைக்கு இந்தச் செய்தியின் பொருள் மிகவும் நேரடியானது. மூன்று ஊசி என்றால் மகளோடு மூன்று முறை போக வேண்டும், மூன்று நாள் கூலி போகும். ஒரே ஊசி என்றால் ஒரே நாள். தனியார் மருத்துவமனையில் போடுவதானால் செலவு வேறு. புனேயின் சீரம் நிறுவனம் 2023இல் சந்தைக்குக் கொண்டுவந்த செர்வாவாக், இரண்டு டோஸ் கொண்ட குப்பி 2,000 ரூபாய் என்று விலை வைத்தது. இறக்குமதி ஊசிகள் அதைவிடப் பல மடங்கு. பாத்தியில் உப்பு வாரிக் கூலி வாங்கும் குடும்பத்துக்கு இலவசமாக வந்தால்தான் ஊசி.

இலவசம் என்றதும் சந்தேகமும் வரும். "சும்மா குடுக்குறாங்கன்னா எதுக்கோ சோதனை பண்றாங்க" என்பது அது. கம்மத்துக்குப் பிறகு இந்தச் சந்தேகத்தைக் குற்றம் சொல்ல முடியாது. பதில் சொல்லத்தான் வேண்டும். ஆஸ்திரேலியா 2007இலும் ருவாண்டா 2011இலும் இதைத் தேசியத் திட்டமாக்கின. இலங்கையில் 2017 முதல் ஆறாம் வகுப்பு மாணவிகளுக்குப் போடுகிறார்கள். சுவீடனில் 17 வயதுக்கு முன் போட்டுக்கொண்ட பெண்களிடம் இந்தப் புற்றுநோய் 88 சதவீதம் குறைந்திருப்பதை 2020இல் கண்டார்கள். ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் முழுமையாக ஊசி பெற்ற தலைமுறையில் ஒருவருக்குக்கூடத் திசுக்களுக்குள் ஊடுருவும் கருப்பைவாய்ப் புற்றுநோய் இல்லை என்று 2024இல் எழுதினார்கள். சோதனைக் கட்டம் எப்போதோ கடந்துவிட்டது.

நம்பிக்கை கெட்டால் பணக்கார நாடும் தப்பாது. ஜப்பானில் 2013இல் ஊசி போட்ட பெண்களுக்கு உடல் வலி, நடுக்கம் என்று தொலைக்காட்சிகள் காட்டக் காட்ட, அரசாங்கம் பரிந்துரையையே நிறுத்திக்கொண்டது. 70 சதவீதமாக இருந்த ஊசி போட்டுக்கொள்வோர் அளவு ஒரு சதவீதத்துக்கும் கீழே போனது. மீண்டும் பரிந்துரைக்க 2022 ஆனது. இதற்கு நேர்மாறாகச் சிக்கிம் இருக்கிறது. 2018இல் அந்தச் சிறு மாநிலம் முதலில் ஆசிரியர்களோடும் பெற்றோரோடும் உட்கார்ந்து பேசியது, பிறகு பள்ளிகளில் போட்டது. 9 முதல் 13 வயதுப் பெண்களில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஊசி பெற்றார்கள். அதே ஊசி, அதே நாடு. வேறுபாடு பேச்சில் இருந்தது.

கூனிமேட்டில் முஸ்லிம் குடும்பங்கள் நிறைய. ஊசியில் என்ன கலந்திருக்கிறது, ஹராம் ஏதும் உண்டா என்று அங்கே கேட்டால் அது நியாயமான கேள்வி. செர்வாவாக்கும் இறக்குமதி ஊசியான கார்டசிலும் ஈஸ்ட் என்ற நுண்ணுயிரைக் கொண்டு தயாரிக்கும் புரதத்தால் ஆனவை. உயிருள்ள வைரஸ் அவற்றில் இல்லை. மலேசியா 2010 முதல் பள்ளி மாணவிகளுக்கு இந்த ஊசியைப் போட்டுவருகிறது; பெற்றோர் மிகப் பெரும்பாலும் சம்மதிக்கிறார்கள். வங்கதேசமும் 2023இல் தொடங்கியது. உத்தரப் பிரதேசத்தில் போலியோவை ஒழிக்கப் பள்ளிவாசல் இமாம்கள் பேசியது எவ்வளவு உதவியது என்பதை நாடே பார்த்தது. இங்கேயும் ஜமாஅத்தாரை முன்கூட்டியே பார்த்துப் பேசுவது நல்லது. எதிர்ப்பு வந்த பிறகு போய் நிற்பது சமாதானம் பேசுவதாக ஆகிவிடும்.

தாய் சம்மதித்தாலும் "அவரு வந்ததும் கேட்டுச் சொல்றேன்" என்ற ஒரு வரி மிச்சமிருக்கும். தந்தைகளிடம் யாரும் பேசுவதே இல்லை. பெண் உடம்பைப் பற்றிய சமாச்சாரம் என்று செவிலியர் தாயிடம் மட்டும் சொல்கிறார். தாய் அதைக் கணவனிடம் சொல்லக் கூச்சப்பட்டு, பாதியைச் சொல்லி, பாதியை விழுங்குகிறாள். பாதி கேட்டவன் வேண்டாம் என்கிறான். இந்தக் கடற்கரையின் தொழில் நாள்காட்டியே இதற்கு வழி காட்டுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு வேலைக்குப் போகும் ஆண்கள் கரையில் இருப்பார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் உப்பளம் மூழ்கிக் கிடக்கும். பெண்களுக்கு வேலை இராது. அப்பாக்களிடம் கோடையில் பேசி, அம்மாக்களிடம் மழைக்காலத்தில் உட்கார்ந்து பேசி, பள்ளி நடக்கிற அந்த மாதங்களிலேயே ஊசி போடலாம். சென்னையில் உட்கார்ந்து நாள் குறித்தால் இது தெரியாது.

பள்ளி வழியாகவே எல்லாம் நடந்தால் விடுபடுகிறவர்கள் யார் என்பதும் கேள்வி. எட்டாம் வகுப்போடு நின்று தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்கிற பெண், வேலைக்குப் போய்விட்ட பெண், சீக்கிரமே கல்யாணம் பேசப்படுகிற பெண். ஊசி அதிகம் தேவைப்படுவது அவர்களுக்குத்தான். அவர்கள் பெயர் வகுப்புப் பதிவேட்டில் இல்லை. அங்கன்வாடி ஆயாவுக்கும் கிராம சுகாதாரச் செவிலியருக்கும் அவர்களின் வீடு தெரியும். ஆண் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை: வைரஸைச் சுமப்பதில் அவர்களுக்கும் பங்கு உண்டு, தொண்டைப் புற்றுநோய் போன்றவை அவர்களுக்கும் வருகின்றன. பல நாடுகள் சிறுவர்களுக்கும் போடுகின்றன. நம் வசதிக்கு முதலில் பெண்கள் என்பது சரியான வரிசையே.

கடைசியாக, சொல்லும் முறை. ஊசி போட்ட இடம் வலிக்கும், கை கனக்கும், லேசாகக் காய்ச்சல் வரலாம், சில பெண்கள் பயத்தில் மயங்கிவிடுவார்கள், அதனால் பதினைந்து நிமிடம் உட்காரவைத்து அனுப்புவோம் என்பதை முன்பே சொல்லிவிட வேண்டும். கொலம்பியாவின் ஒரு சிறு நகரத்தில் 2014இல் மாணவிகள் அடுத்தடுத்து மயங்கி விழ, அந்தக் காட்சி நாடு முழுவதும் பரவி, ஊசி போட்டுக்கொள்வதே அங்கே சரிந்தது. 'ஒண்ணும் ஆகாது' என்று சொல்லிப் போட்டுவிட்டு, ஒரு பெண் மயங்கினால் ஊரே சாட்சியாகிவிடும். முன்பே சொல்லியிருந்தால் அதே மயக்கம் சொன்னபடி நடந்த ஒன்றாகிவிடும்.

சுகாதாரத் துறைக்கு ஒரு வேண்டுகோள். படிவத்தைப் பிள்ளையின் பையில் அனுப்புவதற்கு முன், மாலை ஆறு மணிக்கு மேல் ஊருக்குள் ஒரு கூட்டம் போடுங்கள். பெண் மருத்துவரோ, ஊருக்குத் தெரிந்த செவிலியரோ பேசட்டும். வேண்டாம் என்பவரின் பெயரை எழுதி மேலே அனுப்பாதீர்கள். அடுத்த மாதம் திரும்பப் போய்க் கேளுங்கள்.

தாய்மாருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் மகளுக்கு ஊசி போடும் நாளில் நீங்களும் முப்பதைக் கடந்தவராகத்தான் இருப்பீர்கள். உங்களுக்கு இந்த ஊசியின் காலம் போய்விட்டது, பரிசோதனையின் காலம் போகவில்லை. திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குக் கருப்பைவாயில் வினிகர் தடவிப் பார்க்கும் எளிய சோதனையைச் செய்து, மரணங்கள் 35 சதவீதம் குறைந்ததை 2007இலேயே காட்டியிருக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது இலவசம், சில நிமிடங்கள்தான் ஆகும். மகளைக் கூட்டிக்கொண்டு போகிற அன்றைக்கே உங்களுக்கும் பார்த்துக்கொண்டு வாருங்கள்.